ஆடியில்லாக் கேமராக்களின் தானியங்கிக் குவியம்: ஓர் ஒப்பீடு

லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பி வியூஃபைண்டருக்கு அனுப்பும் ஆடி இல்லாமல், அந்த ஒளியை நேரடியாக ஒளி உணரியின் மீது விழச்செய்யும் லென்ஸ் மாற்றத்தக்க கேமரா, ஆடியில்லாக் கேமரா எனப்படும். பேச்சு வழக்கில் இது மிரர்லெஸ் கேமரா என்றே அழைக்கப்படுகிறது. 2008 ஆம் ஆண்டு பானாசோனிக் நிறுவனம் வெளியிட்ட லூமிக்ஸ் ஜி1 இவ்வகையில் முன்னோடியாகும். சோனி, கேனன், நிக்கான், ஃபியூஜிஃபிலிம், பானாசோனிக், ஓஎம் சிஸ்டம் ஆகிய நிறுவனங்களின் இன்றைய புதிய மாதிரிகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இக்கேமராக்களை ஒப்பிடும்போது அதிகம் பேசப்படும் தன்மை தானியங்கிக் குவியம், அதாவது ஆட்டோஃபோகஸ் ஆகும். இதற்குக் காரணம் உண்டு. படத்தின் வெளிச்சம் குறைந்திருந்தால் கணினியில் ஓரளவு கூட்டலாம். நிறம் பிசகியிருந்தால் திருத்தலாம். படத்தின் விளிம்பை வெட்டலாம். ஆனால் மணமகளின் கண்ணில் விழ வேண்டிய கூர்மை அவர் காதணியில் விழுந்துவிட்டால், அந்தப் படத்தை முழுமையாக மீட்க வழியில்லை. அந்த நொடியும் திரும்பி வராது.

தானியங்கிக் குவியத்தின் திறனைக் குறிக்க நிறுவனங்கள் பொதுவாக மூன்று எண்களை அளிக்கின்றன: குவியப் புள்ளிகளின் எண்ணிக்கை, குவியம் அமைய எடுக்கும் நேரம், குவியம் செயல்படும் மிகக் குறைந்த வெளிச்சம். இம்மூன்றில் எதையும் ஒரு நிறுவனத்திற்கும் இன்னொரு நிறுவனத்திற்கும் இடையே அப்படியே வைத்து ஒப்பிட இயலாது. ஏன் என்பதை அறிய, குவியம் எவ்வாறு அமைகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

குவியமும் புல ஆழமும்

லென்ஸின் உள்ளே உள்ள கண்ணாடித் தொகுதி முன்னும் பின்னும் நகரும்போது, குறிப்பிட்ட ஒரு தொலைவில் உள்ள பொருள் மட்டும் உணரியின் மீது மிகக் கூர்மையாக விழும். அத்தொலைவிற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ளவை கண்ணுக்குக் கூர்மையாகவே தெரியும். இந்த இடைவெளி புல ஆழம் எனப்படும்.

முழுச்சட்ட உணரி கொண்ட கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8 துளையில் வைத்து, 2 மீட்டர் தொலைவில் உள்ள முகத்தைப் படமெடுத்தால், புல ஆழம் மொத்தமே ஏறக்குறைய 6 செ.மீ. தான். அதாவது கண்ணுக்கு முன்புறம் 3 செ.மீ., பின்புறம் 3 செ.மீ. கண்ணை விட்டுக் காதில் குவியம் அமைந்தால் கண் மங்கிவிடும். கேமராவைப் பிடித்திருப்பவர் மூச்சு விடும்போது சற்றே முன்னும் பின்னும் அசைவதே இந்த அளவில் பாதியைத் தின்றுவிடக்கூடும்.

உணரியின் அளவு சிறுத்தால், அதே காட்சிக்கும் அதே துளை எண்ணுக்கும் புல ஆழம் கூடும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக் கேமராவில் இது முழுச்சட்டக் கேமராவில் கிடைப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே சிறிய உணரி கொண்ட கேமரா அதிகப் படங்களைக் கூர்மையாகத் தந்தால், அதற்குக் குவியத்தின் துல்லியம் மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது. சிறு பிழைகளைப் புல ஆழம் மறைத்திருக்கலாம்.

ஆடி இருந்த காலம்

லென்ஸ் மாற்றத்தக்க கேமராக்களில் தானியங்கிக் குவியத்தைப் பரவலாக்கியது 1985 இல் வெளிவந்த மினோல்டா 7000 ஆகும். அதன் பிறகு ஹனிவெல் நிறுவனம் தன் காப்புரிமை மீறப்பட்டதாக மினோல்டா மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 1992 இல் தீர்ப்பு ஹனிவெல்லுக்குச் சாதகமாக அமைய, மினோல்டா 12 கோடி டாலருக்கும் மேல் செலுத்த நேர்ந்தது. இத்தொழில்நுட்பத்தின் வணிக மதிப்பை இந்த வழக்கு காட்டுகிறது.

அக்காலக் கேமராக்களிலும் பின்னர் வந்த டி.எஸ்.எல்.ஆர் கேமராக்களிலும் பயன்பட்டது கட்ட வேறுபாட்டு முறை. லென்ஸின் இடப்பக்கம் வழியே வரும் ஒளியும் வலப்பக்கம் வழியே வரும் ஒளியும் தனித்தனியே இரு படங்களாகப் பெறப்பட்டு ஒப்பிடப்படும். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தினால் குவியம் சரி. பொருந்தாவிட்டால், விலகலின் அளவும் திசையும் லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். தேடித் துழாவ வேண்டியதில்லை என்பதே இம்முறையின் வலிமை.

ஆனால் டி.எஸ்.எல்.ஆரில் இந்த அளவீடு படம் பதியும் உணரியில் நடப்பதில்லை. முதன்மை ஆடிக்குப் பின்னால் உள்ள ஒரு சிறிய ஆடி, ஒளியின் ஒரு பகுதியைக் கேமராவின் அடியில் உள்ள தனிக் குவிய அலகிற்கு அனுப்பும். லென்ஸிலிருந்து அந்த அலகிற்கு உள்ள பாதையும், லென்ஸிலிருந்து உணரிக்கு உள்ள பாதையும் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். மிக நுண்ணிய வேறுபாடு ஏற்பட்டாலும், கேமரா சரி என்று சொல்லும் இடத்திற்கு முன்னாலோ பின்னாலோ கூர்மை விழும். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியே நுண்திருத்தம் செய்ய வேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது. மேலும், குவியப் புள்ளிகள் சட்டத்தின் நடுப்பகுதியிலேயே குவிந்திருந்தன. படம் பதியும் நொடியில் ஆடி மேலே எழும்பும்போது குவிய அலகிற்கு ஒளியே கிடைக்காது.

உணரியிலேயே அளவீடு

தொடக்கக்கால ஆடியில்லாக் கேமராக்கள் ஒளிமாறுபாட்டு முறையைப் பயன்படுத்தின. குவியம் சரியாக இருக்கும்போது பொருளின் விளிம்புகளில் வெளிச்சத்திற்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு உச்சத்தில் இருக்கும். கேமரா லென்ஸை நகர்த்தி நகர்த்தி அந்த உச்சத்தைத் தேடும். உச்சத்தைத் தாண்டிச் சென்ற பிறகே அது உச்சம் என்று தெரியும் என்பதால், மீண்டும் பின்வாங்க வேண்டியிருக்கும். அசையாப் பொருளுக்கு இம்முறை மிகத் துல்லியமானது. ஆனால் ஓடி வரும் பொருளுக்கு ஏற்றதன்று.

இக்குறையைத் தீர்த்தது, கட்ட வேறுபாட்டை அளக்கும் பிக்சல்களைப் படம் பதியும் உணரியிலேயே பதித்த மாற்றமாகும். லென்ஸ் மாற்றத்தக்க ஆடியில்லாக் கேமராக்களில் 2011 இல் வந்த நிக்கான் 1 வரிசை இதை முதலில் பயன்படுத்தியது. சோனியும் நிக்கானும் உணரியின் சில பிக்சல்களில் பாதியை மறைத்து, அவற்றைக் குவிய அளவீட்டிற்கு ஒதுக்குகின்றன. கேனன் வேறு வழியைத் தேர்ந்தது. 2013 இல் 70டி என்னும் டி.எஸ்.எல்.ஆரில் அறிமுகமான அதன் டூயல் பிக்சல் முறையில், ஒவ்வொரு பிக்சலும் இரு ஒளி டையோடுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. குவியத்தை அளக்கும்போது இரண்டும் தனித்தனியே வாசிக்கப்படும். படம் பதியும்போது இரண்டும் ஒன்றாகச் சேர்க்கப்படும்.

அளவீடும் பதிவும் ஒரே உணரியில் நடப்பதால், டி.எஸ்.எல்.ஆரின் பாதை வேறுபாட்டுச் சிக்கல் இங்கே இல்லை. குவியப் பரப்பும் சட்டத்தின் விளிம்பு வரை விரிந்தது. சோனி ஆல்ஃபா 9 கேமராவில் இது சட்டத்தின் ஏறக்குறைய 93 விழுக்காட்டை எட்டியது. துளை சிறிய லென்ஸ்களுக்கும் வழி பிறந்தது. பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர்களில் எஃப்/8 ஐ விடச் சிறிய துளைக்குக் குவியம் இயங்காது. ஆனால் கேனன் 2020 இல் 600 மி.மீ., 800 மி.மீ. லென்ஸ்களை எஃப்/11 துளையுடனேயே வெளியிட்டது.

மூன்று தனித்தனி வேலைகள்

ஆட்டோஃபோகஸ் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, அளவீடு. குறிப்பிட்ட ஓர் இடத்தில் குவியம் எவ்வளவு விலகியுள்ளது என்று கண்டறிவது. இது உணரியின் வேலை.

இரண்டாவது, பொருளறிதல். சட்டத்தில் உள்ள பலவற்றில் எதன் மீது குவிய வேண்டும் என்று முடிவெடுப்பது. இது செயலியின் வேலை. மனிதர், விலங்கு, பறவை, வாகனம் ஆகியவற்றின் ஏராளமான படங்களைக் கொண்டு இயந்திரக் கற்றல் முறையில் பயிற்றப்பட்ட மென்பொருள் இதைச் செய்கிறது.

மூன்றாவது, இயக்கம். கண்டறிந்த அளவிற்கு லென்ஸின் கண்ணாடித் தொகுதியை நகர்த்தி, சரியான இடத்தில் நிறுத்துவது. இது லென்ஸில் உள்ள மோட்டாரின் வேலை.

இம்மூன்றும் ஒன்றையொன்று சாராமல் மேம்படலாம், பின்தங்கலாம். ஒரு கேமரா பறவையின் கண்ணைச் சட்டென்று கண்டுகொண்டு அதன் மீது பெட்டி வரைந்து காட்டும். ஆனால் லென்ஸ் மோட்டார் மெதுவாக நகர்ந்தால் படம் மங்கும். திரையில் தெரியும் பெட்டி பொருளறிதல் நடந்ததற்கே சான்று. குவியம் அமைந்ததற்குச் சான்றன்று. புதிதாகக் கேமரா வாங்குவோர் அடிக்கடி குழம்பும் இடம் இது.

எண்களைப் படிக்கும் முறை

குவியப் புள்ளிகளின் எண்ணிக்கை: நிக்கான் இசட்7 கேமரா 2018 இல் 493 புள்ளிகளுடன் வந்தது. அதே நிறுவனத்தின் இசட்9 கேமரா 2021 இல் வந்தபோதும் எண்ணிக்கை அதே 493 தான். ஆனால் ஓடும் பொருளைப் பின்தொடர்வதில் இரண்டும் ஒன்றன்று. இசட்9 இன் அடுக்கு உணரி தரவை மிக விரைவாக வாசிப்பதால், நொடிக்கு 120 முறை குவியத்தைக் கணக்கிடுகிறது. ஒன்பது வகைப் பொருள்களை அடையாளம் காண்கிறது. 2018 இல் வந்த சோனி ஆல்ஃபா 7 மூன்றாம் பதிப்பில் 693 புள்ளிகள் இருந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது இசட்9 ஐ விட மேலானது என்ற தவறான முடிவே கிடைக்கும். ஒவ்வொரு நிறுவனமும் புள்ளி என்று எதை எண்ணுகிறது என்பதும் வேறுபடுகிறது. கேனன் ஆர்5 கேமராவுக்குத் தானாகத் தேர்வாகும் மண்டலங்கள் 1053 என்றும், பயனர் தேர்ந்தெடுக்கத்தக்க இடங்கள் 5940 என்றும் இரு எண்கள் தரப்படுகின்றன.

குவியம் அமையும் நேரம்: சோனி 2019 இல் வெளியிட்ட ஆல்ஃபா 6400 கேமராவிற்கு 0.02 நொடி என்று அறிவித்தது. இவ்வகை எண்கள் குறிப்பிட்ட ஒரு லென்ஸுடன், நிறுவனம் வகுத்த சோதனை நிலையில் பெறப்பட்டவை. லென்ஸ் மாறினால் எண்ணும் மாறும். நகரும் பொருளுக்கு இந்த எண் இன்னும் குறைவாகவே பயன்படும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கேமராவை நோக்கி ஓடி வரும் வீரர் 0.02 நொடியில் 20 செ.மீ. கடந்துவிடுவார். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே அவர் அரை மீட்டர் முன்னேறியிருப்பார். ஆகவே கேமரா, பொருள் இப்போது இருக்கும் இடத்தை அளந்தால் போதாது. ஷட்டர் திறக்கும் கணத்தில் அது எங்கே இருக்கும் என்று முன்கணித்து லென்ஸை அங்கே கொண்டு செல்ல வேண்டும். முன்கணிப்பின் தரத்தைக் காட்டும் எண் எதுவும் விவரப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.

குறைந்த வெளிச்ச அளவு: இது இவி என்னும் அலகில் தரப்படும். இதில் 1 குறைந்தால் வெளிச்சம் பாதியாகிறது. கேனன் ஆர்6 கேமராவிற்கு மைனஸ் 6.5 இவி என்றும், சோனி ஆல்ஃபா 7 நான்காம் பதிப்பிற்கு மைனஸ் 4 இவி என்றும் குறிக்கப்பட்டுள்ளது. பார்த்தவுடன் கேனன் 2.5 படி முன்னிலையில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கேனனின் அளவு எஃப்/1.2 லென்ஸுடன் தரப்பட்டது. சோனியின் அளவு எஃப்/2 லென்ஸுடன் தரப்பட்டது. எஃப்/1.2 துளை எஃப்/2 ஐ விட ஏறக்குறைய 2.8 மடங்கு அதிக ஒளியை உள்ளே விடும். இது ஏறத்தாழ 1.5 படிக்குச் சமம். இதைக் கழித்தால் எஞ்சும் வேறுபாடு சுமார் 1 படி மட்டுமே. நிக்கான் இசட்6 மூன்றாம் பதிப்பின் மைனஸ் 10 இவி என்ற அளவும் எஃப்/1.2 லென்ஸை வைத்தே கூறப்படுகிறது. பயனரிடம் எஃப்/4 லென்ஸ் இருந்தால் இவ்வெண்கள் எதுவும் அவருக்கு அப்படியே பொருந்தாது.

நிறுவனங்கள் சென்ற வழிகள்

சோனி: முழுச்சட்ட ஆடியில்லாக் கேமராக்களில் 2013 முதல் இருந்துவரும் நிறுவனம். 2017 இல் வந்த ஆல்ஃபா 9, அடுக்கு உணரியின் வலிமையைக் காட்டியது. அது நொடிக்கு 60 முறை குவியத்தைக் கணக்கிட்டு, திரை இருளாமல் 20 படங்களை எடுத்தது. 2021 இல் வந்த ஆல்ஃபா 1 அக்கணக்கை 120 ஆக உயர்த்தி, பறவையின் கண்ணையும் கண்டறிந்தது. 2022 இல் வந்த ஆல்ஃபா 7ஆர் ஐந்தாம் பதிப்பில் பொருளறிதலுக்கெனத் தனிச் செயலி சேர்க்கப்பட்டது. முகம் தெரியாதபோதும் உடலின் நிலையை வைத்துத் தலை இருக்கும் இடத்தை அது கணிக்கிறது. ஆனால் அதன் 61 மெகாபிக்சல் உணரி அடுக்கு வகையைச் சேர்ந்ததன்று, வாசிப்பு மெதுவானது. பொருளறிதலில் தேர்ந்த கேமரா, அதிவேக விளையாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 2023 இல் அறிவிக்கப்பட்ட ஆல்ஃபா 9 மூன்றாம் பதிப்பு, உணரி முழுவதையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் முறையுடன் நொடிக்கு 120 படங்கள் வரை எடுக்கிறது.

கேனன்: டூயல் பிக்சல் முறையே இதன் அடித்தளம். 2020 இல் வந்த ஆர்5, ஆர்6 ஆகியவற்றில் குவியப் பரப்பு சட்டம் முழுவதற்கும் விரிந்தது. 2021 இல் வந்த ஆர்3, பயனரின் பார்வை வியூஃபைண்டரில் எங்கே படிகிறதோ அங்கே குவியும் வசதியை மீட்டுக் கொண்டுவந்தது. இது 1992 இல் இஓஎஸ் 5 என்னும் ஃபிலிம் கேமராவில் கேனன் அறிமுகப்படுத்திய கருத்தாகும். 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ஆர்1, ஆர்5 மார்க் 2 ஆகியவை கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து ஆட்டங்களில் பந்தோடு தொடர்புள்ள வீரரைக் கண்டறிந்து அவரிடம் குவியத்தை மாற்றும் வசதியுடன் வந்தன. முன்பே பதிவு செய்த முகங்களுக்கு முன்னுரிமை தரவும் இயலும்.

நிக்கான்: 2018 இல் வந்த இசட்6, இசட்7 ஆகியவை அளவீட்டில் துல்லியமாக இருந்தபோதும், பின்தொடர்தலில் அந்நிறுவனத்தின் டி.எஸ்.எல்.ஆர்களையே எட்டவில்லை என்ற குறை எழுந்தது. டி.எஸ்.எல்.ஆர்களில் பழகிய முப்பரிமாணப் பின்தொடர்தல் என்னும் வசதி அவற்றில் இல்லை. இயந்திர ஷட்டரே இல்லாத இசட்9 இல் அது திரும்பி வந்தது. 2023 இல் வந்த இசட்8, ஏறக்குறைய அதே திறனைச் சிறிய உடலில் தந்தது. 2024 இல் வந்த இசட்6 மூன்றாம் பதிப்பு, ஒரு பகுதி மட்டும் அடுக்கப்பட்ட உணரியைப் பயன்படுத்தி இடைப்பட்ட விலையில் வேகத்தைக் கூட்டியது.

பானாசோனிக்: நெடுங்காலம் ஒளிமாறுபாட்டு முறையையே நம்பியிருந்தது. மங்கலின் தன்மையைக் கொண்டு தொலைவைக் கணிக்கும் நுட்பத்தையும் அதனுடன் சேர்த்தது. ஆயினும் காணொலியில் பின்னணி இடைவிடாமல் துடிப்பது போன்ற குறை நீங்கவில்லை. 2023 ஜனவரியில் வந்த எஸ்5 இரண்டாம் பதிப்பில் இந்நிறுவனம் கட்ட வேறுபாட்டு முறைக்கு மாறியது.

ஃபியூஜிஃபிலிம், ஓஎம் சிஸ்டம்: இவை சிறிய உணரிகளைப் பயன்படுத்துகின்றன. ஃபியூஜிஃபிலிம் 2022 இல் எக்ஸ்-எச்2எஸ் கேமராவில் அடுக்கு உணரியையும் பலவகைப் பொருளறிதலையும் கொண்டுவந்தது. அதே ஆண்டில் வந்த ஓஎம்-1 கேமராவில் 1053 குவியப் புள்ளிகளும் செங்குத்துக் கோடு, கிடைக்கோடு ஆகிய இரண்டையும் உணரும் குறுக்கு வகையைச் சேர்ந்தவை.

லென்ஸின் பங்கு

எவ்வளவு சிறந்த கேமராவாயினும் லென்ஸ் மோட்டாரின் வேகத்தைத் தாண்டிச் செல்லாது. ஆடியில்லாக் கேமராக்களுக்கென வடிவமைக்கப்பட்ட லென்ஸ்களில் எடை குறைந்த கண்ணாடித் தொகுதியும் நேர்கோட்டு மோட்டார்களும் பயன்படுகின்றன. பழைய லென்ஸ்களை இணைப்பி மூலம் பொருத்தும்போது விளைவு லென்ஸைப் பொறுத்தது. கேனனின் பழைய இஎஃப் வரிசை லென்ஸ்களில் 1987 முதலே மோட்டார் லென்ஸுக்குள் இருப்பதால், அவை புதிய உடல்களில் நன்றாக இயங்குகின்றன. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்கள் கேமரா உடலில் உள்ள மோட்டாரை நம்பியவை. நிக்கானின் எஃப்டிஇசட் இணைப்பியில் மோட்டார் இல்லாததால், அவற்றில் கையால்தான் குவியத்தை அமைக்க வேண்டும். வீட்டில் உள்ள பழைய லென்ஸை நம்பிப் புதிய உடலை வாங்குவோர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

பிற நிறுவன லென்ஸ்களுக்கும் வரம்புகள் உண்டு. சோனியின் வேகமான உடல்களில் பிற நிறுவன லென்ஸ்களைப் பொருத்தினால், தொடர் படப்பிடிப்பு நொடிக்கு 15 படங்களுடன் நின்றுவிடும். கேனன் ஆர்எஃப் இணைப்புக்கு சிக்மா, டாம்ரான் ஆகியவற்றின் உரிமம் பெற்ற தானியங்கி லென்ஸ்கள் 2024 இல் தான் அறிவிக்கப்பட்டன. அவையும் ஏபிஎஸ்-சி அளவு உணரிக்கு உரியவை.

காணொலியில் குவியம்

ஒளிப்படத்தில் குவியம் விரைவாக அமைவது நன்மை. காணொலியில் அதே விரைவு கண்ணை உறுத்தும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் குவியம் மாறும்போது அது மெல்ல நகர வேண்டும். பேசுபவரின் முன்னால் யாரேனும் குறுக்கே கடந்தால் குவியம் அவரைத் தொற்றிக்கொண்டு போகக் கூடாது. இதற்காகவே பல கேமராக்களில் குவியம் மாறும் வேகத்தையும், புதிய பொருளுக்குத் தாவும் உணர்திறனையும் தனித்தனியே அமைக்கும் வசதி உள்ளது. காணொலிக்காகக் கேமராக்களை ஒப்பிடுவோர் நொடிக் கணக்கைப் பார்ப்பதை விட, இம்மாற்றங்களின் சீரான தன்மையையும், ஒரே இடத்தில் நிற்கும் முகத்தின் மீது குவியம் அசையாமல் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தவறும் இடங்கள்

பெரும்பாலான ஆடியில்லாக் கேமராக்களில் குவியப் பிக்சல்கள் இடம், வலம் என்றே பிரிக்கப்பட்டுள்ளன. இதனால் செங்குத்துக் கோடுகளை அவை எளிதில் உணரும். கிடைக்கோடுகள் மட்டுமே உள்ள பரப்பில் திணறும். கிடைக்கம்பிகள் மட்டும் கொண்ட ஜன்னலையோ கடலின் தொடுவானத்தையோ நோக்கினால் இது புலப்படும். கேமராவைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் குவியம் அமைந்துவிடும். ஓஎம்-1, கேனன் ஆர்1 ஆகியவற்றின் குறுக்கு வகை அளவீடு இக்குறையை நீக்க வந்ததே.

முகத்தின் பின்னால் வலுவான வெளிச்சம் இருக்கும்போதும், கம்பி வலைக்குப் பின்னால் பொருள் இருக்கும்போதும், வெறுஞ்சுவர் போன்ற ஒரே நிறப் பரப்பிலும் குவியம் தடுமாறலாம். பொருள் சட்டத்தில் மிகச் சிறியதாக இருந்தால், பொருளறிதல் பின்னணியில் உள்ள இலையையோ கிளையையோ பறவை என்று கொள்ளலாம். இத்தருணங்களில் பொருளறிதலை நிறுத்திவிட்டு, ஒற்றைப் புள்ளியைக் கையால் தேர்ந்தெடுப்பதே விரைவான வழி. ஒரு பொத்தானில் இம்மாற்றத்தை எளிதாகச் செய்ய இயலுமா என்பதும் ஒப்பீட்டில் சேர வேண்டிய ஒன்று.

ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

கடையிலோ வாடகைக்கு எடுத்தோ இரு கேமராக்களை ஒப்பிட விரும்புவோர் பின்வருமாறு செய்து பார்க்கலாம்.

1. இரண்டிலும் ஒத்த குவியத் தொலைவும் ஒத்த துளையும் கொண்ட லென்ஸ்களைப் பொருத்த வேண்டும். துளையை முழுவதும் திறந்து வைக்க வேண்டும். துளையைச் சிறிதாக்கினால் புல ஆழம் பிழைகளை மறைத்துவிடும்.

2. ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியாகவோ அதற்கும் குறைவாகவோ வைக்க வேண்டும். மெதுவான ஷட்டரில் அசைவால் ஏற்படும் மங்கலையும் குவியப் பிழையால் ஏற்படும் மங்கலையும் பிரித்தறிவது கடினம்.

3. ஒருவரைப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து கேமராவை நோக்கி வேகமாக நடந்து வரச்செய்து, தொடர்ந்து படமெடுக்க வேண்டும். அருகில் வரவரக் குவியம் விரைவாக மாற வேண்டியிருப்பதால், கடைசி இரண்டு மூன்று மீட்டரில்தான் கேமராக்களின் வேறுபாடு வெளிப்படும்.

4. அவருக்கு முன்னால் இன்னொருவரைக் குறுக்கே கடக்கச்செய்து, குவியம் யாரிடம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

5. அறையின் விளக்குகளைக் குறைத்து இதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

6. கேமராவின் திரையை நம்பாமல், கணினியில் முழு அளவில் பெரிதாக்கிக் கண்ணின் இமைமயிரைப் பார்த்து, நூற்றில் எத்தனை படங்கள் கூர்மையானவை என எண்ண வேண்டும். ஒரே ஒரு சுற்றின் முடிவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

சோதனைக்கு முன் கேமராவின் உள் மென்பொருள் எந்தப் பதிப்பில் உள்ளது என்பதையும் பார்ப்பது அவசியம். 2019 இல் சோனி ஆல்ஃபா 7 மூன்றாம் பதிப்பு விலங்கின் கண்ணைக் கண்டறியும் திறனையும், நிக்கான் இசட்6, இசட்7 ஆகியவை மனிதக் கண்ணைக் கண்டறியும் திறனையும் மென்பொருள் புதுப்பிப்பு வழியாகவே பெற்றன. வெளியான மாதத்தில் எழுதப்பட்ட மதிப்புரை, ஓராண்டுக்குப் பின் அதே கேமராவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

தேவைக்கேற்ற தேர்வு

முகப்படம், குடும்ப விழா, பயணம் ஆகியவற்றுக்கு மனிதக் கண்ணைக் கண்டறியும் திறன் போதுமானது. 2019 க்குப் பின் வந்த பெரும்பாலான மாதிரிகளில் இது உள்ளது. இத்தேவை உள்ளவர்கள் உடலின் விலையைக் குறைத்து, துளை பெரிய நல்ல லென்ஸில் அப்பணத்தைச் செலவிட்டால், குறைந்த வெளிச்சத்தில் குவியமும் மேம்படும், படமும் மேம்படும்.

பறக்கும் பறவை, தடகளம், பந்து விளையாட்டு ஆகியவற்றுக்கு வாசிப்பு வேகம் முதன்மையானது. அடுக்கு உணரியோ பகுதி அடுக்கு உணரியோ கொண்ட கேமராக்களும், அவற்றுக்கு ஈடுகொடுக்கும் தொலை லென்ஸ்களும் இங்கே தேவைப்படுகின்றன. உடலுக்கு மட்டும் பணம் ஒதுக்கி, மெதுவான லென்ஸைப் பொருத்தினால் கூடுதல் செலவு பயனற்றுப் போகும்.

நிலக்காட்சி, கட்டடம், பொருட்படம் ஆகியவற்றை முக்காலியில் வைத்து எடுப்போருக்குப் பின்தொடர்தல் தேவைப்படுவதே அரிது. அவர்களுக்குப் பழைய ஆடியில்லாக் கேமராவும் கையால் குவியம் அமைக்கும் லென்ஸும் கூடப் போதும். திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்துக் குவியத்தை அமைக்கும் வசதி, மிகக் குறைந்த விலை மாதிரிகளிலும் உண்டு.